ரஹ்மத் அக்காவின் உயிர்ச் சான்று

1

எங்கள் தெருமுனையில் நகராட்சியின் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருக்கிறது. பாரிசுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிடம் தள்ளி இருக்கும் தொழிலாளர் ஊர் இது. காப்பகத்தின் வாசலுக்கு மேலே நீல எழுத்தில் 'ரஹ்மத்' என்று எழுதியிருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில், பாண்டிச்சேரி அச்சகத் தொழிலாளியின் மகள், வேலைநிறுத்தத்தில் உயிர் நீத்தவர் என்று இரண்டு வரி. பக்கத்துச் சுவரில் அவள் படம். பத்தொன்பது வயது, இரட்டைச் சடை, கையில் தாமரை, நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு. முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்கு யார் பொட்டு வைத்தது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வரைந்தவருக்கு இந்தியா என்றால் பொட்டு, அவ்வளவுதான்.

தினமும் காலை எட்டேகாலுக்கு அந்த வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். தாய்மார்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். பிரெஞ்சு நாக்குக்கு நடுவில் வரும் 'ஹ' படியாது. "ரமத்தில் விட்டுவிட்டு வருகிறேன்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் முன்பு எனக்குப் பெருமையாக இருக்கும். நம் ஊர்ப் பெண்ணின் பெயரை இத்தனை சாதி சனம் சொல்கிறதே என்று நினைப்பேன்.

என் வேலை இந்த ஊர் மேரியில். கடற்கரையில் மேரிக் கட்டிடத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு மேரி என்றால் நகராட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு பதிவு செய்யும் மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யார் பிறந்தார், யார் செத்தார் என்று முத்திரை குத்தி எழுதித் தருவதுதான் என் பிழைப்பு.

அந்த ரஹ்மத் சாகவில்லை. புதுச்சேரியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறார். எழுபது வயதாகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்களில் பாதிக்கு வருடாந்தர உயிர்ச் சான்று ஃபாரத்தை எழுதித் தருபவர் அவர்தான். இதைப் படிக்கும் உங்களில் சிலர் அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். அவர் உயிரோடு இருப்பது எனக்கு எப்போதும் தெரியும். வாசலில் எழுதியிருக்கும் ரஹ்மத் அவர்தான் என்பது இருபது வருடமாகத் தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம் போன வியாழக்கிழமை என் கைக்கு வந்த ஒரு தாள். வரிசையாகச் சொன்னால்தான் அது உங்களுக்குப் புரியும்.

2

இந்த ஊருக்கு இருபத்தைந்து வருடம் மேயராக இருந்தவர் லூசியன். கம்யூனிஸ்ட். கட்சியின் வாரப் பத்திரிகைக்கு அதைவிட அதிக காலம் ஆசிரியர். ஏழு புத்தகம் எழுதினார். அதில் ஆறை அவர் வீட்டிலேயே யாரும் படித்ததில்லை என்று மேரியில் கேலி பேசுவோம். அவரை ஆளாக்கியது முதல் புத்தகம். அது நம் முதலியார்பேட்டையைப் பற்றியது.

ரயில்வே தொழிலாளியின் மகன் அவர். பட்டாளத்துக்குப் போவதற்குப் பதிலாக வெளிநாட்டில் இரண்டு வருடம் பாடம் சொல்லித் தரலாம் என்று அந்தக் காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. அப்படித்தான் இருபத்து மூன்று வயதில் பிரெஞ்சு ஆசிரியராகப் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். மாணவர்களில் ஒருத்தி ரஹ்மத். அவளுடைய அத்தா முதலியார்பேட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். அங்கே இயந்திரத்தில் ஒருவருக்கு விரல்கள் போயின. முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தினார், மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லூசியன் அதைப் பார்க்கப் போனார். அவருக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளிகள் சொன்னதை ரஹ்மத் பிரெஞ்சில் சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார். மூன்றாம் வாரம் போலீஸ் தடியடி நடத்தியது. ரஹ்மத்துக்கு மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள், மறுநாள் வீட்டுக்குப் போய்விட்டாள். லூசியனுக்கு வேலை போய், பத்து நாளில் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. புத்தகத்தில் ரஹ்மத் அவர் மடியில் விழுந்து, நாலு வரி பிரெஞ்சு பேசிவிட்டுச் சாகிறாள். நம் ஊரில் மண்டையில் அடி வாங்கியவர்கள் 'ஐயோ' என்பார்கள், 'அம்மா' என்பார்கள், அவள் 'அல்லா' என்றிருப்பாள். இலக்கணம் பிசகாமல் பிரெஞ்சு பேசிவிட்டு யாரும் சாவதில்லை. அதற்கு முந்தைய அத்தியாயம் எட்டுப் பக்கம். பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் அவரும் அவளும் தனியாக இருந்ததைப் பற்றியது. பெயர், அத்தா பெயர், தெரு எல்லாம் நிஜத்தில் உள்ளபடியே போட்டிருந்தார். அவர் மாற்றியது நடந்ததை மட்டும்தான்.

அவரைக் கெட்டவர் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். குடியுரிமைத் தாள் எதுவும் இல்லாத ஒரு மாலி நாட்டுக் குடும்பத்தை வெளியேற்றப் போலீஸ் வந்தபோது, மேயரின் மூவண்ணப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் படியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று மழை. நானே காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர்களுக்காக உயிரைக் கொடுப்பார், ஒரு மனுஷியின் கடிதத்துக்குப் பதில் போட மாட்டார். பத்திரிகை அறையில் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். அவர் கோடு போடாத தாள் அந்த அறையை விட்டு வெளியே போகாது. உண்மைக்கும் அப்படித்தான் கோடு போட்டார்.

3

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இந்தியத் தபால்தலை ஒட்டிய கடிதம் இருந்தது. தமிழில் எழுதியது. படித்துச் சொல்லுங்கள் தோழர் என்றார்.

உறையின் பின்பக்கம் இருந்தது எனக்குத் தெரிந்த முகவரி. என் அப்பா சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வருடா வருடம் உயிர்ச் சான்று எழுதி வாங்கப் போகும் வீடு அது. ஃபாரம் எழுதித் தரும் ரஹ்மத் அக்காவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இங்கே வாசலில் எழுதியிருந்த ரஹ்மத் அவராக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. செத்தவள் என்று எழுதியிருந்தது, நான் நம்பினேன்.

அக்காவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பென்ஷன்காரர் நேரில் வந்து எதிரே உட்காராமல் பேனாவைத் தொட மாட்டார். ஒரு வருடம் அப்பாவுக்குக் காய்ச்சல். நான் இங்கிருந்து போன் செய்து, ஆளைத் தெரியும்தானே, எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்று வைத்துவிட்டு, அந்த வெயிலில் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்து, கட்டிலில் கிடந்த அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எழுதினார்.

கடிதத்தில் இருந்தது இதுதான். அது அவர் எழுதிய மூன்றாவது கடிதம். முதல் இரண்டைப் பிரெஞ்சில் எழுதினாராம், பதில் வரவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் உள்ள ரெயூனியோன் தீவில் வேலையில் இருந்த ஒருவருக்கு அவரை நிச்சயம் செய்திருந்தார்கள். அங்கே யாரோ புத்தகத்தைக் கொடுத்து, மாப்பிள்ளை அந்த எட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டார். நிச்சயம் முறிந்தது. பிறகு வந்த இடங்களுக்கும் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது காப்பகத்துக்குத் தன் பெயரை வைத்து, செத்துவிட்டதாக எழுதியிருப்பதை ஒரு போட்டோவில் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். அந்தப் போட்டோ நான் எடுத்தது. என் மகள் செலின் அந்த வாசலில் நிற்கிற படம். பெருமையாக அப்பாவுக்கு அனுப்பினேன், அப்பா பெருமையாக அக்காவிடம் காட்டியிருக்கிறார்.

"உங்கள் பத்திரிகையில் ஒரு வரி போதும். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள், அந்த அத்தியாயத்தில் உள்ளது நடக்கவில்லை. இதைப் படித்துச் சொல்கிற தமிழர் யாரோ, அவரும் இதற்குச் சாட்சி" என்று கடிதம் முடிந்திருந்தது.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

லூசியன் சிவப்புப் பென்சிலை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "ஒரு வரிதான் கேட்கிறாள். அந்த ஒரு வரியைப் போட்ட பிறகு புத்தகத்தில் எந்த வரி நிற்கும், சொல்லுங்கள்."

பதிலை அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். அன்புள்ள அம்மையாருக்கு, எங்கள் நூலில் குறிப்பிடப்படும் பெண் காலமானவர் என்பதே நாங்கள் அறிந்தது, தாங்கள் அதே பெயருடைய வேறொருவராக இருக்கலாம், தங்கள் நலம் விரும்புகிறோம். கீழே ஆசிரியர் குழு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பள்ளியில் பரிசு வாங்கியது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். கோப்புக்கு ஒரு பிரதி எடுத்தார்கள்.

அப்போது நானும் மனைவியும் குழந்தையும் ஒரே அறையில் இருந்தோம். நகராட்சி அடுக்ககத்துக்கு மனுப் போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. சம்பளச் சீட்டு கேட்டார்கள், கொடுத்தோம். ஞானஸ்நானச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்றார்கள். அதைத் திருத்த ஒரு வருடம் ஓடியது. அந்தக் கடிதம் போன இரண்டாம் மாதம் மூன்று அறை வீடு கிடைத்தது, காப்பகம் இருக்கும் இதே தெருவில். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது சுலபமாக இருந்தது. வீட்டில் வெயில் நன்றாக வரும்.

4

செலினுக்கு இப்போது இருபத்து நாலு வயது. தமிழ் புரியும், படிக்கத் தெரியாது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பத்து வயதில், தமிழில் பேசினால் நீ கோபமாக இருக்கிற மாதிரியே இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து நானும் பாதி பிரெஞ்சுக்கு மாறிவிட்டேன். புதுச்சேரியோடு அவளுக்கு இருந்த ஒரே ஒட்டு அந்த ரஹ்மத்தான். பள்ளியில் லூசியனின் புத்தகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். படித்து முடித்து மேரியின் கலாசாரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

போன வருடம் லூசியன் இறந்தார். இறப்பைப் பதிவு செய்தது நான். தெரு முழுக்கச் சிவப்புக் கொடி. இரங்கல் உரையில் மூன்று பேர் ரஹ்மத்தின் பெயரைச் சொன்னார்கள். லூசியன் நினைவாக ஒரு திட்டம் போட்டார்கள். ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் புதுச்சேரி போய், அச்சகம் இருந்த இடத்தில் ரஹ்மத்துக்குக் கல்வெட்டு வைப்பது. பொறுப்பு செலினுக்கு. அவளுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. மொழிபெயர்ப்பாளன் நான்.

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கடிதத்தையும் சொல்ல வேண்டும், பிறகு வீட்டையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் அவள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள், நான் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஜனவரியில் போனோம். விழா சனிக்கிழமை. புதன்கிழமை மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரமாகப் பார்த்து நான் மட்டும் ரஹ்மத் அக்கா வீட்டுக்குப் போனேன். அதே மேசை, அதே பேனா டப்பா. நரைத்த தலையில் முக்காடு. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உங்கப்பா ஒக்காந்த எடம். ஒக்காரு தம்பி" என்றார். "சனிக்கெழம மண்டபத்துல எனக்குக் கூட்டம் போடறாங்களாமே. நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாங்க."

நான் சுற்றி வளைக்கவில்லை. விழாவுக்கு வர வேண்டாம் என்றேன். என் மகளுக்கு முதல் வேலை, அந்நிய ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிறார்கள், எல்லார் முன்னாலும் அவள் தலை குனியக் கூடாது என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம் செத்துக் கெடன்னு சொல்ற."

அவருக்குக் கோபம் வரவில்லை. டப்பாவிலிருந்து பேனாவை எடுத்துத் துடைத்தார்.

"செத்துப்போன அப்பன உசுரோட இருக்கறதா எழுதிக் குடுங்கக்கான்னு இதே நாற்காலில ஒக்காந்து அழுதவங்க உண்டு. திட்டி அனுப்பிச்சிருக்கேன். உசுரோட இருக்கறவளச் செத்துட்டான்னு எழுதின ஆள நான் பாத்தது உங்க மேயர மட்டுந்தான். என் கடுதாசிக்குப் பதில் எழுதினது யாருன்னும் தெரியும். உங்கப்பாவுக்கு நீ போடற கடுதாசி எல்லாத்தையும் அவரு இங்க கொண்டாந்து படிச்சுக் காமிப்பாரு. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா."

அதைத் தெரிந்துகொண்டே வருடா வருடம் என் அப்பாவுக்கு அவர் ஃபாரம் எழுதித் தந்திருக்கிறார். அப்பா சாகும் வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். உயிர்ச் சான்று. தன் பெயர், அத்தா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார். கையெழுத்து இடம் மட்டும் காலி.

"அந்த ஊர் மேரில நீ இதுல போடறவன்தானே. போடு. ரஹ்மத் இன்னிக்கி என் முன்னால உசுரோட இருந்தான்னு போட்டுக் குடு. சனிக்கெழம நான் இந்த வாசப்படியத் தாண்டல. உம்பொண்ணு நல்லா பேசட்டும்."

இது எதற்கு அக்கா என்று கேட்டேன்.

"யாருக்கும் காட்ட இல்ல. எங்க அத்தா சாகற வரைக்கும் தெருவுல தல நிமிந்து நடக்கல. அந்தப் புஸ்தகம் இன்னும் பீரோல இருக்கு. அதுக்கு மேல அந்த ஊரு ஆளு போட்ட கையெழுத்து ஒண்ணு இருக்கட்டும். அவ்ளோதான்."

என் அதிகாரம் என் ஊர் எல்லைக்குள்தான் செல்லும் என்று சொன்னேன். முத்திரை கையில் இல்லை, வெளிநாட்டில் போட்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள் என்றும் சொன்னேன். எல்லாம் உண்மை. விதி எண்ணைக்கூடச் சொன்னேன். கையெழுத்துப் போட்ட தாள் நாளைக்கு எங்கே போய் நிற்கும் என்ற பயம்தான் காரணம், அதைத்தான் சொல்லவில்லை.

அக்கா ஃபாரத்தை எடுத்து இழுப்பறையில் வைத்தார். "சரி, போய்ட்டு வா" என்றார்.

5

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது பைக் ஷோரூம். அதன் மதில் ஓரத்தில் கல்வெட்டு. விழா பக்கத்துக் கல்யாண மண்டபத்தில். நூற்றைம்பது பேர் இருக்கும். மேடையில் காப்பகச் சுவர்ப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். பொட்டும் பெரிதாகியிருந்தது.

ரஹ்மத் அக்கா வந்தார். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். அவரைத் தெரிந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். ஃபாரம் எழுதும் அக்கா, பிரெஞ்சு விழா என்றால் வராமல் இருப்பாரா என்று நினைத்திருப்பார்கள்.

செலின் புத்தகத்திலிருந்து பிரெஞ்சில் வாசித்தாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நான் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னேன். வேலைநிறுத்தம் வந்தது, தடியடி வந்தது. மடியில் விழுந்து சாகிற இடத்தை அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நான் அதையும் சொன்னேன். பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பி, இறந்தவளின் காதலையும் நாம் நினைக்க வேண்டும் என்று, பிள்ளைச்சாவடி அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தி வாசித்தாள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

அதை நான் விட்டிருக்கலாம். கடற்கரை அழகாக இருந்தது என்று ஏதாவது சொல்லி முடித்திருக்கலாம். விடக் கூடாத வாக்கியத்தை ஒரு காலத்தில் விட்டவன்தானே நான். ஆனால் என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. மணல் ஈரம், அவிழ்ந்த கூந்தல், முத்தத்தின் உப்பு. இத்தனை வருடம் அந்தப் பக்கங்கள் பிரெஞ்சில் கிடந்தன, ஊரில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் தெரியும். அவருடைய ஊரில், அவருடைய மொழியில், அதை முதல் முதலாக உரக்கச் சொன்ன ஆள் நான். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பூப் போட வரிசை நின்றது. அக்காவும் நின்றார். ஒரு பிடி ரோஜா இதழை எடுத்துத் தன் படத்துக்கு முன்னால் போட்டார். பக்கத்தில் நின்ற செலினிடம், திருத்தமான பழைய பிரெஞ்சில், பொட்டு தவறு, இந்தப் பெண் பொட்டு வைத்ததில்லை என்றார். செலின் பரபரப்பாகி, அவளைத் தெரியுமா உங்களுக்கு என்று கேட்டாள்.

"தெரியும்" என்றார் அக்கா. "உங்கள் அப்பாவுக்கும் தெரியும்."

செலின் திரும்பி, யார் பப்பா இவர் என்று கேட்டாள். அக்காவும் என்னைப் பார்த்தார். காத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பென்ஷன் ஃபாரம் எழுதித் தருபவர்" என்றேன். "வயதாகிவிட்டது."

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பிரியாணி சாப்பிட்டோம். மாலையில் நோணாங்குப்பத்துப் படகுத்துறைக்கு எல்லாரையும் அழைத்துப் போனார்கள். படகில் செலின் என் தோளில் சாய்ந்துகொண்டு, இன்றைக்குத்தான் எனக்கு இந்த ஊர் சொந்த ஊர் மாதிரி இருக்கிறது என்றாள்.

6

ஊர் திரும்பியதும் லூசியனின் காகிதப் பெட்டிகளை அடுக்கும் வேலை செலினுக்கு வந்தது. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் ஒரு கோப்பை மேசையில் வைத்தாள். பிரெஞ்சில் இரண்டு கடிதம், அதை அவளே படித்திருந்தாள். தமிழில் ஒன்று. அதற்குப் போன பதிலின் பிரதி ஒன்று. தமிழ் இரண்டையும் படி என்றாள்.

படித்தேன். இந்த முறை கடைசி வாக்கியத்தையும் படித்தேன். இதைப் படித்துச் சொல்கிற தமிழர் யாரோ, அவரும் இதற்குச் சாட்சி. பிறகு பதிலையும் படித்தேன். அவள் தன் பையிலிருந்து என் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளை எடுத்தாள். வருடா வருடம் அவளுக்குத் தமிழில் இரண்டு வரி எழுதுவேன். படிக்கத் தெரியாவிட்டாலும் எல்லாவற்றையும் வைத்திருந்தாள். ஓர் அட்டையைப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்து, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். அன்புள்ள செலினுக்கு. அன்புள்ள அம்மையாருக்கு. இரண்டிலும் ஒரே 'அ'.

"அந்தப் பூப் போட்ட அம்மா" என்றாள்.

ஆமாம் என்றேன். சாப்பிடாமல் போய்விட்டாள். என் மனைவி யாருக்கும் பரிமாறாமல் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

ரஹ்மத் உயிரோடு இருக்கிறார், வாசலில் உள்ளதைத் திருத்த வேண்டும் என்று செலின் மேரியில் எழுதிக் கொடுத்தாள். ஒரு குழு அமைத்தார்கள். குழு இரண்டு முறை கூடியது. பெயர் இப்போது குழந்தைகளுக்குச் சொந்தம், அது ஓர் அடையாளம், எந்தத் தனிநபரையும் குறிப்பதல்ல என்று முடிவு செய்தது. பத்திரிகையின் புது ஆசிரியர், காலமான தோழரின் புகழைக் கெடுக்க நேரமில்லை என்றார். ஒரு வரிகூடப் போடவில்லை. செலின் வேலையை விட்டுவிட்டு வடக்கே வேறு ஊருக்குப் போய்விட்டாள். ரஹ்மத் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறாளாம், அவர் பிரெஞ்சில் பதில் போடுகிறாராம். என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். அது எங்களுக்குள் என்றாள்.

மே மாதம் ஒரு நாள், மதிய இடைவேளையில் மேசையில் யாரும் இல்லை. ஓர் உயிர்ச் சான்று ஃபாரத்தை எடுத்தேன். அக்காவின் பெயர், அத்தா பெயர், பிறந்த தேதி மூன்றும் அன்று பார்த்ததிலிருந்து மனப்பாடம். நிரப்பினேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீட்டுக்கு வரும்போது காப்பக வாசலில் நின்று படத்தைப் பார்த்தேன். வெகுநாளைக்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. எனக்கு என்ன நேர்ந்தாலும் நேரட்டும், பாவத்தை இறக்கி வைத்தாயிற்று என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை செலின் வந்தாள். நாலு மாதத்தில் முதல் தடவை. கோட்டைக் கழற்றவில்லை. எனக்கு வந்த கடிதத்துக்குள் இது இருந்தது, உனக்காம் என்று ஒரு தாளை நீட்டினாள். நான் அனுப்பிய அதே சான்று. அதன் குறுக்கே மூலைக்கு மூலை சிவப்பு மையில் ஒரு கோடு. பின்பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது, படி என்றாள் செலின். உரக்கப் படித்து, பிரெஞ்சில் சொன்னேன்.

"தம்பிக்கு. என் முன்னிலையில் நேரில் தோன்றினார் என்று ஃபாரத்தில் அச்சடித்திருக்கிறது. நீங்கள் போட்டிருக்கும் தேதியில் நான் உங்கள் முன்னால் தோன்றவில்லை. என் வீட்டில் இருந்தேன். ஆள் வராமல் போட்ட கையெழுத்து செல்லாது. உங்கள் அப்பாவுக்கே நான் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. நான் உங்கள் முன்னால் தோன்றியது ஜனவரியில், இரண்டு முறை. ஒரு முறை என் வீட்டில், ஒரு முறை மண்டபத்தில். பொய்ச் சான்று எனக்கு வேண்டாம், ஒன்று ஏற்கெனவே உங்கள் ஊர்ச் சுவரில் இருக்கிறது."

ஒரு சொல்லும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டுச் செலினைப் பார்த்தேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன். அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் குடியிருக்கும் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடை வைத்திருக்கிறாராம். அவரிடம் காட்டி, நான் சொன்னது சரிதானா என்று கேட்டுக்கொள்வாளாம்.